ஆஷாலதாவுக்கு நழுவிய உலகக் கோப்பை ஹாலி லாங்குக்குக் கிடைத்தது எப்படி? இந்திய மகளிர் கால்பந்தின் பாஸ்போர்ட் கணக்கு

2022 ஜனவரி 20. நவி மும்பை டி.ஒய்.பாட்டீல் மைதானத்தில் ஆசியக் கோப்பையின் முதல் மேட்ச்சில் இந்தியாவும் ஈரானும் 0-0 என்று டிரா செய்தன. அடுத்த மேட்ச் 23ஆம் தேதி, சீன தைபேவுடன். அந்த மேட்ச் நடக்கவே இல்லை. இந்திய முகாமுக்குள் கொரோனா புகுந்துவிட்டது. களமிறங்க குறைந்தது 13 வீராங்கனைகள் வேண்டும் என்பது விதி. இந்தியாவிடம் 13 பேர் இல்லை. தொடரிலிருந்து இந்தியா விலகியதாக ஆசிய கால்பந்து கூட்டமைப்பு அறிவித்தது. ஈரானுடன் ஆடிய டிராவும் கணக்கிலிருந்து அழிக்கப்பட்டது. தொடரை நடத்திய நாடே தொடரில் இல்லை.

ஒரு வாரம் கழித்து, ஜனவரி 30. புனே, பாலேவாடி மைதானம். அதே சீன தைபே, எதிரே பிலிப்பைன்ஸ். 1-1 என்று முடிந்து பெனால்டி ஷூட் அவுட்டுக்குப் போனது. கடைசி பெனால்டியை சரீனா போல்டன் வலைக்குள் அடித்தார். 4-3. ஆண்கள், பெண்கள் இரண்டையும் சேர்த்துப் பார்த்தாலும் பிலிப்பைன்ஸ் ஒரு ஃபிஃபா உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றது அதுவே முதல்முறை. அது நடந்தது நம்ம ஊர் மைதானத்தில்.

அந்த இரண்டு அணிகளின் தடுப்பு வரிசையிலும் தலா ஒருவரைக் கவனிக்கலாம். இந்தியாவின் கேப்டன் லோய்தோங்பாம் ஆஷாலதா தேவி, 1993ல் மணிப்பூரின் இம்பாலில் பிறந்தவர். பிலிப்பைன்ஸின் ஹாலி லாங், 1995ல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பிறந்தவர். அப்போது அந்த அணியின் கேப்டன் தனாய் ஆனிஸ். பிறகு கேப்டன் பட்டை லாங்கின் கைக்கு வந்தது. வயதில் இரண்டு வருடம்கூட வித்தியாசமில்லை. இருவரும் ஆடுவது ஒரே இடத்தில், கோல்கீப்பருக்கு முன்னால். ஒருவர் 2023ல் நியூசிலாந்தில் உலகக் கோப்பை ஆடினார். இன்னொருவர் ஆடவில்லை.

"அவங்க அணியில எல்லாரும் அமெரிக்காக்காரங்கதானே, நாமும் வெளிநாட்டு இந்தியர்களைக் கூட்டி வந்தா போச்சு" என்பது சமூக வலைதளங்களில் அடிக்கடி வரும் பதில். அது பாதி சரி. மீதிப் பாதியில்தான் விஷயமே இருக்கிறது.

பிலிப்பைன்ஸ் செய்தது என்ன?

2023 உலகக் கோப்பைக்குப் போன பிலிப்பைன்ஸ் அணியின் 23 பேரில் 18 பேர் அமெரிக்காவில் பிறந்தவர்கள். இதில் மோசடி எதுவும் இல்லை. பிலிப்பைன்ஸின் 1987 அரசியலமைப்புப்படி தாயோ தந்தையோ அந்நாட்டுக் குடிமகனாக இருந்தால் பிள்ளையும் குடிமகன்தான், எங்கே பிறந்தாலும் சரி. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியதால் இழந்த பிலிப்பைன்ஸ் குடியுரிமையை மீண்டும் பெற 2003ல் தனிச்சட்டமே போட்டார்கள். இரண்டு பாஸ்போர்ட் வைத்திருக்கலாம். வெளிநாட்டுக்கு வேலைக்குப் போகும் மக்களின் பணத்தை நம்பியிருக்கும் நாடு அது. போனவர்களோடு கயிறு அறுந்துவிடக் கூடாது என்ற கணக்கு. அந்தக் கயிற்றைப் பிடித்துத்தான் கால்பந்து அணியும் வந்தது.

லாங் அமெரிக்காவில் ஆர்கன்சா பல்கலைக்கழகத்தின் லிட்டில் ராக் வளாகத்தில் படித்துக்கொண்டே ஆடியவர். 2016ல் பிலிப்பைன்ஸ் அணிக்கு வந்தார். பல வீராங்கனைகள் தேசிய அணி மேட்ச்சுக்கு மட்டும் விமானத்தில் வந்து போவார்கள். லாங் பிலிப்பைன்ஸ் உள்ளூர் கிளப்பான காயா எஃப்சி இலோயிலோவுக்கே ஆடுகிறார். உலகக் கோப்பையில் சுவிட்சர்லாந்திடம் 0-2, நார்வேயிடம் 0-6. நடுவில், போட்டியை நடத்திய நியூசிலாந்தை 1-0 என்று தோற்கடித்தார்கள். முதல் உலகக் கோப்பையிலேயே ஒரு வெற்றி.

இதுவரை சொன்னது எல்லோரும் பேசும் பகுதி. ஆனால் பிலிப்பைன்ஸ் அமெரிக்காவிடமிருந்து வாங்கியது வெறும் ரத்த உறவை அல்ல. அமெரிக்காவின் கல்லூரி விளையாட்டு அமைப்பை.

1972ல் அமெரிக்காவில் 'டைட்டில் நைன்' என்ற சட்டம் வந்தது. மத்திய அரசின் பணம் வாங்கும் கல்வி நிறுவனங்கள் பாலின அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். அதன் விளைவாக, ஆண்களுக்கு அணி வைத்திருந்த கல்லூரிகள் பெண்களுக்கும் அணி வைக்க வேண்டி வந்தது. இன்று முதல் டிவிஷனில் மட்டும் 300க்கும் மேற்பட்ட பல்கலைக்கழகங்களில் பெண்கள் கால்பந்து அணி இருக்கிறது. உதவித்தொகை, புல் மைதானம், பிசியோ, பயிற்சியாளர் எல்லாம் உண்டு. தேசிய அணிக்கே போகாத ஒரு சாதாரண சென்டர் பேக்கூட நான்கு வருடம் இதில் ஊறி வருவார். லிட்டில் ராக் அந்த 300ல் ஒன்று, அவ்வளவுதான். பெரிய பெயர் எல்லாம் இல்லை.

அதாவது இன்னொரு நாடு ஐம்பது வருடமாகச் செலவு செய்து உருவாக்கிய வீராங்கனைகளை, பிலிப்பைன்ஸ் தன் குடியுரிமைச் சட்டத்தின் வழியாகச் சும்மா பெற்றுக்கொண்டது. புத்திசாலித்தனமான வேலை. அதோடு நிற்காமல் ஆஸ்திரேலியப் பயிற்சியாளர் ஆலன் ஸ்டாய்ச்சிச்சைக் கொண்டுவந்து, மாதக்கணக்கில் முகாம் போட்டு, அந்த 2022லேயே தென்கிழக்கு ஆசியக் கோப்பையையும் மணிலாவில் வென்றார்கள். இறுதியில் தாய்லாந்தை 3-0 என்று தோற்கடித்தார்கள்.

இந்தியா ஏன் இதைச் செய்ய முடியாது?

இந்தியாவில் இரட்டைக் குடியுரிமை கிடையாது. வேறு நாட்டுக் குடியுரிமையை விரும்பி ஏற்றால் இந்தியக் குடியுரிமை போய்விடும். ஓசிஐ அட்டை வைத்திருந்தால் விசா இல்லாமல் வரலாம், வீடு வாங்கலாம், இந்தியா ஜெர்சி போட முடியாது. இந்திய பாஸ்போர்ட் உள்ளவர்கள்தான் நாட்டுக்காக ஆடலாம் என்று மத்திய விளையாட்டு அமைச்சகம் 2008ல் முடிவெடுத்தது. ஒரு ஸ்குவாஷ் வீரர் தொடர்ந்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2010ல் அந்த முடிவை ஏற்றுக்கொண்டது.

ஒரே வழி, இருக்கும் பாஸ்போர்ட்டைத் துறந்துவிட்டு வருவது. ஆண்களில் ஜப்பானில் பிறந்த அராட்டா இசுமி அப்படி வந்து 2013ல் இந்தியாவுக்கு ஆடினார். 2025ல் பெங்களூரு எஃப்சியின் ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியக் குடியுரிமையைக் கைவிட்டு இந்திய பாஸ்போர்ட் வாங்கினார். பத்து வருட இடைவெளியில் விரல் விட்டு எண்ணிவிடலாம். 2025ல் மத்திய அரசு வெளியிட்ட 'கேலோ பாரத் நீதி' விளையாட்டுக் கொள்கையில், வெளிநாடுவாழ் இந்திய வம்சாவளி வீரர்களை இயன்றவரை திரும்பி வந்து ஆட ஊக்குவிக்கலாம் என்று ஒரு வரி இருக்கிறது. குடியுரிமைச் சட்டம் அப்படியே இருக்கும்போது அந்த வரியால் என்ன நடக்கும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

(இங்கே ஆந்திரக்காரர்களுக்கு ஒரு துணுக்கு: 2006ல் பிரான்ஸ் உலகக் கோப்பை அணியில் ஆடிய விகாஷ் தோராசூ, மொரீஷியஸ் வழி வந்த தெலுங்கு வம்சாவளி.)

பெண்கள் பக்கம் வந்தால் கணக்கு இன்னும் கடினம். இந்திய மகளிர் லீக்கில் ஒரு வீராங்கனைக்குக் குறைந்தபட்ச ஒப்பந்தத் தொகை ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய் என்று அகில இந்திய கால்பந்து சம்மேளனம் 2023ல் நிர்ணயித்தது. மாதத்துக்குப் பிரித்தால் சுமார் 26,700 ரூபாய். அதுவும் ஒரு கிளப்பில் குறைந்தது 10 பேருக்கு என்ற கணக்கில். அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ கல்லூரி உதவித்தொகையில் படிக்கும் 20 வயதுப் பெண்ணிடம், "உன் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்துட்டு இதுக்கு வா" என்று யார் போய்ச் சொல்வது? ஹாலி லாங்கை யாரும் இந்தக் கேள்வி கேட்கவில்லை. அவர் எதையும் துறக்க வேண்டியிருக்கவில்லை.

ஆஷாலதாவின் 13 வருடம்

இப்போது மறுபக்கம். ஆஷாலதா 2011ல் சீனியர் அணிக்குள் வந்தார். அதற்கு இரண்டு வருடம் முன்பு, அதாவது 2009ல், இந்திய மகளிர் அணியின் பெயரையே ஃபிஃபா தரவரிசைப் பட்டியலிலிருந்து எடுத்திருந்தார்கள். தோற்றதால் அல்ல. நீண்ட காலமாக ஒரு சர்வதேச மேட்ச்கூட ஆடாததால். அவர் வந்தபோது இந்தியாவில் பெண்களுக்குத் தேசிய லீக்கும் கிடையாது. முதல் இந்திய மகளிர் லீக் நடந்தது 2016-17ல். அதுவரை இந்திய வீராங்கனைகள் காசுக்கு ஆட மாலத்தீவு வரை போய்வந்தார்கள். ஆஷாலதாவும் அங்கே ஆடியிருக்கிறார்.

லீக் வந்த பிறகும் சில வருடம் அது ஒரே ஊரில் சில வாரங்களில் முடியும் தொடர்தான். 2019ல் மதுரையின் சேது எஃப்சி கோப்பை வென்றதும் அப்படி ஒரு தொடரில்தான். சொந்த மைதானம், எதிரணி மைதானம் என்று ஊர் ஊராக ஆடும் முறை 2023-24ல்தான் வந்தது, 7 அணிகளோடு. அடுத்த சீசனில் 8 அணி, ஆளுக்கு 14 மேட்ச். ஒரு டிஃபெண்டருக்கு இது மிக முக்கியம். ஃபார்வர்டின் திறமையைப் பத்து நிமிட வீடியோவில் காட்டிவிடலாம். எப்போது முன்னேறுவது, எப்போது பின்வாங்குவது, ஆஃப்சைடு கோட்டை யார் பிடிப்பது என்பதெல்லாம் வாரா வாரம் வெவ்வேறு எதிரிகளோடு மோதித்தான் வரும். அந்த வாரங்களே இல்லாமல் ஆஷாலதா கேப்டன் ஆனார்.

2018-19க்கான இந்தியாவின் சிறந்த வீராங்கனை விருது அவருக்குத்தான். 2019ல் நேபாளத்தின் பிராட்நகரில் தெற்காசியக் கோப்பையை அவர் தலைமையில் இந்தியா வென்றது, இறுதியில் நேபாளம் 1-3. பிறகு வந்தது 2022. ஜனவரியில் நடந்ததை மேலே பார்த்தோம். மே மாதம் கோகுலம் கேரளா கேப்டனாக லீக் கோப்பை வென்றார். கடைசி மேட்ச்சில் சேது எஃப்சி முந்திக்கொள்ள, சமன் செய்த பெனால்டியை அடித்தவர் ஆஷாலதா. 3-1 என்று முடிந்தது.

அந்த வெற்றியால் ஆகஸ்டில் ஆசிய கிளப் சாம்பியன்ஷிப்பில் ஆட கோகுலம் அணி உஸ்பெகிஸ்தான் போனது. அணி தாஷ்கண்டில் இருக்கும்போது, ஆகஸ்ட் 16ஆம் தேதி, இந்திய சம்மேளனத்தை ஃபிஃபா இடைநீக்கம் செய்த செய்தி வந்தது. நிர்வாகத்தில் வெளியார் தலையீடு என்பது காரணம். தேர்தல் நடத்தாமல் பதவியில் தொடர்ந்தவர்கள், அதனால் உச்ச நீதிமன்றம் அமைத்த நிர்வாகக் குழு என்று அது தனிக்கதை. தடை ஆகஸ்ட் 26ல் நீங்கியது. அதற்குள் தொடர் தொடங்கிவிட்டது. கோகுலம் ஒரு மேட்ச்கூட ஆடாமல் திரும்பியது.

ஒரே வருடத்தில் இரண்டு ஆசியத் தொடர்கள். இரண்டிலும் ஆஷாலதா கேப்டன். இரண்டையுமே களத்தில் தோற்கவில்லை.

எல்லாவற்றையும் அமைப்பின் மேல் போட்டுவிடவும் முடியாது. 2022 தெற்காசியக் கோப்பை அரையிறுதியில் நேபாளத்திடம் இந்தியா தோற்றது. அதுவரை ஐந்து முறையும் கோப்பை இந்தியாவிடம்தான் இருந்தது. 2024லும் அதே நேபாளம், அதே அரையிறுதி, இந்த முறை பெனால்டியில். அந்தத் தொடரில்தான், 2024 அக்டோபர் 17 அன்று, பாகிஸ்தானை 5-2 என்று வென்ற மேட்ச்சில் ஆஷாலதா தன் 100வது சர்வதேச மேட்ச்சை ஆடினார். இந்தியப் பெண்களில் முதல் ஆள். 13 வருடத்தில் 100 என்றால் வருடத்துக்கு ஏழு, எட்டு. எண்ணிக்கையைப் பார்த்துப் பெருமைப்படும் அதே நேரம் அந்தச் சராசரியையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு டிஃபெண்டர் கேப்டனையும் சொல்ல வேண்டும். 2022 அக்டோபரில் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் இந்தியக் கேப்டன் ஜார்க்கண்டின் குமலா மாவட்டத்தைச் சேர்ந்த அஸ்தம் ஒராவ்ன். அவரைக் கௌரவிக்க ஊருக்கு ரோடு போட்டார்கள். அந்த ரோடு வேலையில் அவருடைய பெற்றோரே தினக்கூலிக்கு வேலை செய்தார்கள் என்பது அப்போது செய்தியானது. முதல் மேட்ச் அமெரிக்காவோடு. 0-8. மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. அந்த 0-8ஐ அந்தப் பிள்ளைகளின் தோல்வியாக நான் பார்க்கவில்லை. 300 கல்லூரி அணிகள் ஒரு பக்கம், கூலி வேலை செய்யும் குடும்பம் இன்னொரு பக்கம்.

அப்போ வீராங்கனைகள் எங்கிருந்து வருகிறார்கள்?

ஆஷாலதா, ஒய்னம் பெம்பெம் தேவி, பாலா தேவி, டாங்மெய் கிரேஸ், இப்போதைய கேப்டன் ஸ்வீட்டி தேவி, இவர்கள் எல்லோருமே மணிப்பூர். ஸ்வீட்டியும் டிஃபெண்டர்தான். தமிழ்நாடு என்றால் கடலூர்ப் பக்கம்: இந்திய அணியின் நடுக்கள வீராங்கனை இந்துமதி கதிரேசன் அங்கிருந்து வந்து தமிழ்நாடு காவல்துறையில் உதவி ஆய்வாளர் ஆனவர். 2018ல் மணிப்பூரையும், 2023ல் ஹரியானாவையும் இறுதியில் தோற்கடித்து தமிழ்நாடு தேசிய சாம்பியன் ஆனது. ஆக இந்தியாவில் திறமை பரவலாக இல்லை, சில ஊர்களில் கொத்துக் கொத்தாக இருக்கிறது. எங்கே பள்ளி, அகாடமி, உள்ளூர் கிளப், கடைசியில் போலீஸ் அல்லது ரயில்வே வேலை என்று ஒரு சங்கிலி இருக்கிறதோ அங்கேதான்.

சங்கிலி இல்லாத இடம் எப்படி இருக்கும்? இதை எழுதிக்கொண்டிருப்பது சித்தூர் மாவட்டம் சாந்திபுரத்தில், குப்பத்துக்குப் பக்கம். ஆந்திரா, தமிழ்நாடு, கர்நாடகா மூன்றும் முட்டிக்கொள்ளும் மூலை. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் ஓடும். பொங்கலுக்கு வந்திருந்த என் அக்கா மகள், எட்டாவது படிக்கிறாள், "சித்தி, ஃபுட்பால் சேரணும்னா எங்க போகணும்?" என்று கேட்டாள். கபடி, கோ-கோ என்றால் பதில் சொல்லியிருப்பேன். போனை எடுத்துத் தேட ஆரம்பித்தேன். குப்பத்திலிருந்து பெங்களூருவுக்கு ரயில் உண்டு, இரண்டு இரண்டரை மணி நேரம். திருப்பதி அதைவிடத் தூரம். அவளுடைய சான்றிதழ்கள் எல்லாம் ஆந்திரா. இந்திய மகளிர் லீக்கின் கடந்த இரண்டு சீசன்களிலும் ஆந்திராவிலிருந்து ஒரு அணிகூட இல்லை. தேசிய அணியில் தெலுங்கு பேசும் முகம் என்றால் சௌம்யா குகுலோத், அவர் தெலங்கானாவின் நிஜாமாபாத். பக்கத்து மாநிலத்து மைதானம் கிட்டத்தில், சொந்த மாநிலத்துத் தலைநகரம் எங்கேயோ. பாஸ்போர்ட் பிரச்சினை என்பது இங்கே வேறு உருவில் இருக்கிறது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மார்ச்சில் என்ன நடக்கும்?

வெளிநாட்டு வீராங்கனைகள் இல்லாமலே இந்தியா ஒரு கதவைத் திறந்திருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2025 ஜூன், ஜூலையில் தாய்லாந்தின் சியாங் மாயில் நடந்த தகுதிச் சுற்றில் மங்கோலியாவை 13-0, தீமோர் லெஸ்தேவை 4-0, ஈராக்கை 5-0 என்று வென்றார்கள். மங்கோலியா மேட்ச்சில் தமிழ்நாட்டின் பிரியதர்ஷினி செல்லதுரை இரண்டு கோல். கடைசி மேட்ச் ஜூலை 5, தாய்லாந்துடன், அவர்கள் ஊரிலேயே. 2015, 2019 என்று இரண்டு உலகக் கோப்பை ஆடிய அணி அது. சங்கீதா பாஸ்போர் இரண்டு கோல் அடித்தார். 2-1. நான்கு மேட்ச்சில் 24 கோல் அடித்து வாங்கியது ஒன்றே ஒன்று. அந்த ஒன்று என்ற எண்ணில்தான் ஸ்வீட்டி தேவியின் தடுப்பு வரிசை இருக்கிறது. தகுதிச் சுற்று ஆடி, வென்று, ஆசியக் கோப்பைக்குள் இந்தியப் பெண்கள் போவது இதுவே முதல்முறை.

ஆசியக் கோப்பை 2026 மார்ச்சில் ஆஸ்திரேலியாவில். இந்தியாவின் பிரிவில் ஜப்பான், வியட்நாம், சீன தைபே. ஆம், மறுபடியும் சீன தைபே. 1980ன் தொடக்கத்தில் கோழிக்கோட்டில் நடந்த ஆசியப் போட்டியின் இறுதியில் இந்தியாவை 2-0 என்று தோற்கடித்ததும் அவர்கள்தான்; நாம் ஆசியாவின் இரண்டாவது அணியாக இருந்த காலமும் உண்டு என்பது பலருக்கு மறந்துவிட்டது. பிலிப்பைன்ஸ் இந்த முறை ஆஸ்திரேலியா, தென் கொரியா, ஈரான் இருக்கும் பிரிவில்.

12 அணிகள், மூன்று பிரிவு. ஒவ்வொன்றிலும் முதல் இரண்டு இடம், அதோடு மூன்றாம் இடத்தில் வருபவர்களில் சிறந்த இருவர் என 8 அணிகள் காலிறுதிக்குப் போகும். அரையிறுதிக்குப் போகும் நான்கு அணிகளுக்கும் 2027 பிரேசில் உலகக் கோப்பைக்கு நேரடி டிக்கெட். காலிறுதியில் தோற்கும் நான்கு அணிகள் தங்களுக்குள் ஆடி, வெல்லும் இருவருக்கும் டிக்கெட். தோற்கும் இருவருக்குக் கண்டங்களுக்கு இடையிலான பிளே-ஆஃப். அதாவது காலிறுதிக்குள் நுழைந்துவிட்டாலே உலகக் கோப்பை வாய்ப்பு உயிரோடு இருக்கும்.

ஜப்பானை வெல்வது பற்றி யாரும் பேசவில்லை. அங்கே வாங்கும் கோல்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே பெரிய வேலை, ஏனென்றால் மூன்றாம் இடக் கணக்கில் கோல் வித்தியாசம் பேசும். மீதி இரண்டில் ஒன்றையாவது வெல்ல வேண்டும். முதல் மேட்ச் மார்ச் 4, பெர்த், வியட்நாமுடன். சீன தைபேவுடன் மார்ச் 10, சிட்னியில்.